கவிழ்த்து வைத்த கிளாசும் காலால் எழுதிய பெயரும்

குலசேகரம் சந்தைப் பக்கம் நான் சாயா குடிக்கிற கடையில், கழுவிய கிளாஸ்களை ஒரு அலுமினியத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். சாயா போடுகிற அண்ணாச்சி அதிலிருந்து ஒன்றை எடுக்கும்போது அவர் கையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தட்டை நோக்கிப் போகிற வழியிலேயே மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். பெருவிரல் கீழே தட்டைப் பார்க்கும், சுண்டுவிரல் மேலே நிற்கும். நாம் அப்படிப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால் கை கடுக்கும். ஆனால் தூக்கித் திருப்பியதும் எல்லாம் சரியாகிவிடும். கிளாஸ் நிமிர்ந்திருக்கும், பெருவிரல் மேலே வந்திருக்கும், கொதிக்கிற பாலை ஊற்றக் கை வாகாக இருக்கும்.

"என்னத்த அண்ணாச்சி அப்பிடிப் பாக்கிய?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

"கிளாசை ஏன் இப்படித் தலைகீழாப் பிடிக்கிய?" என்றேன்.

"நான் எங்க தலைகீழாப் பிடிச்சேன்?" என்று தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். அடுத்த கிளாசை எடுக்கும்போது தடுமாறிவிட்டார். பாவம், நான் கேட்டிருக்கக் கூடாது.

இதே கேள்வியை வேறொருவர் முன்பே கேட்டு, அதை ஆராய்ச்சியாகவும் ஆக்கியிருக்கிறார். டேவிட் ரோசன்பாம் என்ற அமெரிக்க உளவியலாளர். உணவகம் ஒன்றில் பரிமாறுகிறவர் கவிழ்த்து வைத்த கிளாஸ்களை எடுத்துத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. 1990ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய சோதனை மிக எளிமையானது. இரண்டு தாங்கிகளின் மேல் ஒரு மரக்கோல் படுக்கையாகக் கிடக்கும். ஒரு முனை கறுப்பு, மறுமுனை வெள்ளை. "கறுப்பு முனை கீழே வருகிற மாதிரி நிறுத்துங்கள்" என்றால் ஒரு விதமாகப் பிடித்தார்கள், "வெள்ளை முனை கீழே" என்றால் வேறு விதமாகப் பிடித்தார்கள். எடுக்கும்போது கை முறுகினாலும் பரவாயில்லை, நிறுத்தி முடிக்கும்போது பெருவிரல் மேலே இருக்க வேண்டும் என்பதுதான் அநேகமாக எல்லாருடைய கணக்கும். அப்படி ஒரு கணக்குப் போடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. மேஜையில் கிடக்கிற பேனாவை வைத்து நீங்களே செய்து பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கு அவ்வளவு உறுதியாக இருக்காது, வளர வளரத்தான் படியும்.

ஆக, கை கிளாசைத் தொடுவதற்கு முன்பே செயலின் கடைசிக் கட்டம் மூளையில் தயாராக இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான். நாம் செய்கிற செயல்களையும், பிறர் செய்வதைப் பார்த்துப் புரிந்துகொள்வதையும் மூளை எதை வைத்து அடுக்குகிறது? தசையை வைத்தா, அசைவை வைத்தா, நோக்கத்தை வைத்தா?

கடற்கரையில் ஒரு சோதனை

பள்ளிக்கூடப் புத்தகத்தில் மூளைக்கு ஒரு வரைபடம் போட்டிருப்பார்கள். தலையின் உச்சியிலிருந்து காதுவரை ஒரு பட்டை, அதில் கால், இடுப்பு, கை, முகம், உதடு என்று வரிசை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரேயும் நோயாளிகள் விழித்திருக்கும்போதே அறுவை மேஜையில் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்து, 1937இல் வெளியிட்ட விவரங்களிலிருந்து வந்த படம் அது. இங்கே தொட்டால் விரல் அசையும், அங்கே தொட்டால் உதடு துடிக்கும். இதைப் பார்க்கிற யாருக்கும் மூளை ஒரு சுவிட்ச் போர்டு என்றுதான் தோன்றும். ஒரு செயல் என்றால் வரிசையாகச் சில சுவிட்சுகளைப் போடுவது, அவ்வளவுதான்.

அப்படி இருக்க முடியாது என்று முதலில் அழுத்திச் சொன்னவர்களில் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் முக்கியமானவர். 1951இல் வெளியான கட்டுரையில் அவர் வேகத்தைக் காட்டி வாதாடினார். இசைக் கலைஞர் ஒருவரின் விரல்கள் சில இடங்களில் நொடிக்கு 16 முறை தட்டுகின்றன. ஒவ்வொரு தட்டும் முடிந்து, அந்த உணர்வு மூளைக்குப் போய், அதன் பிறகு அடுத்த தட்டுக்கு உத்தரவு வருவதென்றால் நேரம் போதாது. எனவே முழு வரிசைக்கும் ஒரு திட்டம் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்றார். தோவாளையில் பூக்கட்டுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு லாஷ்லி தேவையே இல்லை. பூவை எடுக்கிற கையும் நாரைச் சுற்றுகிற கையும் ஒன்றையொன்று காத்திருப்பதே கிடையாது. வாய் பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சரி, அந்தத் திட்டம் எந்த வடிவத்தில் இருக்கிறது? இதற்குச் சங்குத்துறை கடற்கரைக்குப் போக வேண்டும். ஈரமணலில் நின்று உங்கள் கையெழுத்தைக் கால் பெருவிரலால் போட்டுப் பாருங்கள். கோணல்மாணலாக இருக்கும், ஆனால் உங்கள் கையெழுத்து மாதிரியே இருக்கும். கடைசி எழுத்தை இழுத்துவிடுகிற பழக்கம் இருந்தால் மணலிலும் இழுத்திருப்பீர்கள். காலால் கையெழுத்துப் போட யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை, நீங்களும் பழகவில்லை. பேனாவை ஓட்டுகிறது விரல்களின் சின்னத் தசைகள், மணலில் கீறுகிறது தொடையும் கெண்டைக்காலும். தசைகளில் ஒன்றுகூடப் பொதுவாக இல்லை. ஆனாலும் எழுத்தின் சாயல் எப்படிக் கூடவே வந்தது?

1999இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று இதையே ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துச் செய்தது. ஆட்கள் ஆள்காட்டி விரலாலும் கால் பெருவிரலாலும் கையெழுத்துப் போட்டார்கள். காலால் போடும்போதும் மூளையில் கைக்கான திட்டமிடும் பகுதிகள் வேலை செய்தன. கையெழுத்து என்பது கையின் சொத்தாக இல்லாமல், எந்த உறுப்புக்கும் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒரு வரைபடமாக அங்கே பத்திரமாக இருக்கிறது.

இதற்கெல்லாம் வெகு முன்பே, 1920களில், மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியல் ஆய்வாளர், உளியைச் சுத்தியலால் அடிக்கிற தேர்ந்த தொழிலாளிகளின் தோள், முழங்கை, மணிக்கட்டு, சுத்தியல் எல்லாவற்றிலும் சின்னச் சின்ன பல்புகளைக் கட்டிப் படமெடுத்தார். சுத்தியல் உளியின் தலையில் அடிக்கு அடி அச்சாக விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் போன பாதை ஒவ்வொரு அடிக்கும் வேறு. தேர்ந்த கைக்கு அசைவு மாறிக்கொண்டே இருக்கிறது, பலன் மட்டும் மாறுவதில்லை.

பென்ஃபீல்டின் பட்டையே கூட முதலில் நினைத்த அளவுக்குச் சுத்தமான சுவிட்ச் போர்டு இல்லை என்று இப்போது தெரிகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிராசியானோ 2002இல் குரங்குகளின் மூளையில், ஒரு கணம் மட்டும் தொட்டு எடுக்காமல் அரை நொடி நேரம் மின்சாரம் கொடுத்தார். விரல் துடிப்பதோடு நிற்கவில்லை. கை மூடி, வாயருகே வந்து, வாயும் திறந்தது. சாப்பிடுகிற செயல் முழுதாக ஒரே இடத்திலிருந்து எழுந்தது. 2023இல் வந்த இன்னொரு ஆய்வு, மனித மூளையின் அந்தப் பட்டையில் கால், கை, முகத்துக்கான இடங்களுக்கு நடுநடுவே, திட்டமிடுதலோடு தொடர்புள்ள வேறு பகுதிகள் செருகிக்கிடப்பதைக் காட்டியது. பாடப் புத்தகப் படத்தை இனி மாற்றி வரைய வேண்டியிருக்கும்.

கொறடும் துணி கிளிப்பும்

இத்தாலியில் பார்மா நகரம். ஜக்கோமோ ரிசோலாட்டியின் ஆய்வகத்தில் குரங்கின் மூளையில் முடியைவிட மெல்லிய கம்பியைச் செருகி, ஒற்றை நியூரான், அதாவது ஒரு நரம்பணு, எப்போது துடிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'கேட்டு' என்பது சரியான சொல்தான், துடிப்பை ஒலிபெருக்கியில் படபடவென்று கேட்கலாம். குரங்கு எதையாவது எடுக்கும்போது துடிக்கிற நியூரான்களில் சில, ஆய்வாளர் எடுப்பதைக் குரங்கு சும்மா உட்கார்ந்து பார்க்கும்போதும் துடித்தன. 1992இல் இதை வெளியிட்டார்கள். கண்ணாடி நியூரான் என்று பிறகு பெயர் வந்தது. அந்தப் புகழ்பெற்ற கதை இதுதான். ஆனால் அதே குழு பின்னால் செய்த இரண்டு சோதனைகள் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுகின்றன.

ஒன்று, 2008இல் வந்தது. குரங்குகளுக்கு இரண்டு விதக் கொறடுகளைக் கொடுத்துப் பழக்கினார்கள். ஒன்று நம் வீட்டுக் கொறடு மாதிரி, கையை இறுக்கினால் வாய் மூடும். இன்னொன்று நேர் எதிர், கையை இறுக்கினால் வாய் திறக்கும், விட்டால் கவ்வும். கொடியில் துணி காயப்போடுகிற கிளிப் இருக்கிறதே, அதேதான். கொறடால் எடுக்கும்போது விரல்கள் மடங்குகின்றன. கிளிப்பால் எடுக்கும்போது விரல்கள் விரிகின்றன. தசைகளின் வேலை தலைகீழ். ஆனால் மூளையின் முன்பகுதியில் கைச்செயலுக்கான இடத்திலுள்ள நியூரான்கள் விரலைப் பொருட்படுத்தவே இல்லை. முனை பொருளைக் கவ்வுகிற அந்தக் கணத்தில் துடித்தன. விரல் மடங்கினால் என்ன, விரிந்தால் என்ன, 'எடுத்தாயிற்றா' என்பதுதான் அவற்றின் கேள்வி.

இன்னொன்று 2005இல் வந்தது, லியோனார்டோ ஃபொகாசி முதலானோர் செய்தது. குரங்கு ஒரு தீனித்துண்டை எடுத்து வாயில் போட வேண்டும், அல்லது எடுத்து ஒரு பாத்திரத்தில் போட வேண்டும். எடுக்கிற அசைவு இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும் மூளையின் பின்பக்கவாட்டுப் பகுதியிலுள்ள பல நியூரான்கள், தின்பதற்காக எடுக்கும்போது ஒரு மாதிரியும் வைப்பதற்காக எடுக்கும்போது வேறு மாதிரியும் துடித்தன. எடுக்கும்போதே! வாயா பாத்திரமா என்பது இன்னும் நடக்கவே இல்லை. சாயாக்கடை அண்ணாச்சியின் பெருவிரல் ஞாபகம் வருகிறதா?

பிறர் எடுப்பதைப் பார்க்கும்போதும் அந்த நியூரான்களில் சில இதே மாதிரி பிரித்துப் பார்த்தன. பாத்திரம் முன்னால் இருந்தால் 'வைக்கப்போகிறார்', இல்லாவிட்டால் 'தின்னப்போகிறார்'. சூழ்நிலையைப் பார்த்து அடுத்த படியை ஊகிப்பது. சாயாக்கடையில் நாம் பெஞ்சிலிருந்து எழும் விதத்தைப் பார்த்தே காசு கொடுக்க எழுகிறோமா, கை கழுவ எழுகிறோமா என்று தெரிந்துகொள்கிற கல்லாக்காரர்கள் இருக்கிறார்களே, அந்த வித்தையின் விதை.

குரங்கு மூளையில் கம்பி செருகலாம். மனிதரிடம் அப்படிச் செய்ய முடியாது, மிக அரிதான அறுவைச் சூழல் தவிர. ஸ்கேனில் பார்த்தாலோ ஒரு புள்ளிக்குள் லட்சக்கணக்கான நியூரான்கள் ஒன்றாகக் கலந்து தெரியும். அப்புறம் எப்படி இந்தப் புள்ளி நோக்கத்தைப் பார்க்கிறது, அந்தப் புள்ளி அசைவைப் பார்க்கிறது என்று பிரிப்பது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் பணியாற்றும் ஸ்காட் கிராஃப்டன், அன்டோனியா ஹாமில்டனோடு சேர்ந்து இதற்கு ஒரு நல்ல தந்திரத்தைப் பயன்படுத்தினார். அது சலிப்பு.

புதுக்கடை திறந்து மைக்கில் பாட்டுப் போட்டால் முதல் பாட்டுக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். அதே பாட்டை நான்காவது தடவை போட்டால் யாரும் திரும்புவதில்லை. மூளையும் அப்படித்தான். ஒரு பகுதி எதைக் கவனிக்கிறதோ அது திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பகுதியின் துடிப்பு குறையும். புதிதாக ஒன்று வந்தால் மீண்டும் எழும். எனவே எது மாறாமல் வரும்போது எந்தப் பகுதி சலித்துக்கொள்கிறது என்று பார்த்தால், அந்தப் பகுதியின் வேலை என்னவென்று பிடித்துவிடலாம்.

2006இல் வெளியான ஆய்வில் ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துச் சின்னச் சின்னப் படத்துண்டுகளைக் காட்டினார்கள். ஒரு கை வந்து மேஜையிலுள்ள இரண்டு பொருள்களில் ஒன்றை எடுக்கும். ஒன்று பிஸ்கட், மற்றது கணினி டிஸ்க். பொருள்களின் இடத்தை மாற்றி மாற்றி வைத்ததால், கை இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் பிஸ்கட்டை எடுக்கலாம். அதாவது நோக்கம் ஒன்றாகவும் பாதை வேறாகவும் இருக்கலாம், பாதை ஒன்றாகவும் நோக்கம் வேறாகவும் இருக்கலாம். பலன் என்ன? இடது மூளையில், காதுக்கு மேலே சற்றுப் பின்னால் ஓடுகிற ஒரு மடிப்பின் முன்பகுதி, எடுக்கப்பட்ட பொருள் அதேதான் என்றால் சலித்துக்கொண்டது. கை எந்தப் பக்கம் போனது என்பதை அது கண்டுகொள்ளவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இந்தத் தடவை ஒரு பெட்டி, கை அதைத் திறக்கும் அல்லது மூடும். செயலின் முடிவில் உலகம் எப்படி மாறியது, பெட்டி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதற்கு வலது மூளையின் முன்பகுதியிலும் பின்பக்கவாட்டிலும் தனி இடங்கள் தெரிந்தன. பொருள் எது என்பது ஒரு மட்டம், அதனால் என்ன ஆயிற்று என்பது அதற்கு மேல் மட்டம்.

ஸ்கேனில் ஒரு இடம் எரிகிறது என்றால் அந்த இடம் அந்த வேலைக்குத் தேவை என்று ஆகிவிடாது. இந்தத் துறையில் எதைப் படித்தாலும் இதை மறக்கக் கூடாது. கிராஃப்டனும் யூஜின் டியூனிக்கும் ஸ்காட் ஃப்ரேயும் 2005இல் அதே மடிப்பின் மேல், தலைக்கு வெளியிலிருந்து, காந்தத் துடிப்பு கொடுத்து ஒரு கணம் அதைக் குழப்பிவிட்டுப் பார்த்தார்கள். ஆள் ஒரு பொருளைப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டிருக்கும்போது பொருள் திடீரென்று திரும்பும். சாதாரணமாகக் கை வழியிலேயே தன்னைத் திருத்திக்கொள்ளும். பொருள் திரும்பிய உடனே அந்த இடத்தைக் குழப்பினால் திருத்தம் தடுமாறியது. ஆக, பிறர் எடுப்பதைப் பார்க்கும்போது நோக்கத்தைக் கவனிக்கிற இடமே, நாம் எடுக்கும்போது நோக்கம் தவறாமல் கையைக் காக்கவும் வேண்டியிருக்கிறது.

பாட்டாவின் கை

என் பாட்டா ரப்பர் பால் வெட்டுகிறவர். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை. விடியுமுன் போக வேண்டும், வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மட்டுப்படும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, மரத்தருகே போய், முந்தின வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரிப்பார். அப்புறம் கத்தியை மேல்முனையில் வைத்து, மரத்தை அரைவட்டம் சுற்றியபடி கீழ்நோக்கிச் சரிவாக இழுத்துக்கொண்டு வருவார். பட்டையில் ஒரு சீவல் சுருண்டு விழும், காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு. ஆழம் குறைந்தால் பால் வராது. ஒரு இழை ஆழம் கூடினால் உள்தோல் கிழிந்து காயம் விழும், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து பிறகு வெட்டவே முடியாது. வெள்ளைக் கோடு ஒன்று சரிவில் ஓடி, தகர மூக்கில் திரும்பி, சிரட்டையில் சொட்டுவதற்குள் பாட்டா அடுத்த மரத்தில் இருப்பார்.

கிராஃப்டன் போன்றவர்கள் சொல்லும் அடுக்கு இந்த ஒரு வெட்டில் முழுதாக இருக்கிறது. மேலே 'பால் எடுக்கணும்'. அதன் கீழே, உரி, வெட்டு, சிரட்டையை வை. அதற்கும் கீழே கத்தியைப் பிடிக்கிற வாகு, கால் நகர்த்துகிற விதம். அடியில் தசைகள். மேலேயுள்ளது அப்படியே இருக்க, கீழேயுள்ளவை மரத்துக்கு மரம் மாறும். மேட்டில் நிற்கிற மரத்துக்குக் குனிய வேண்டும், சாய்ந்த மரத்துக்கு எட்டி வெட்ட வேண்டும்.

அடுக்கில் ஒரு மட்டம் சில நேரம் மேல்மட்டத்தைக் கேட்காமலே ஓடிவிடுவதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுக்கென்று வண்டியை எடுத்துவிட்டு, பார்வதிபுரம் வந்ததும் கை தானாக அலுவலகத்துக்குப் போகிற பக்கம் திரும்புவது எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் என்ன சொல்வார் என்பதை எழுத வேண்டாம்.

பாட்டாவுக்கு இடது மூளையில் பக்கவாதம் வந்தது. வலது கையில் பலக்குறைவு இருந்து, சில வாரங்களில் சரியாகிவிட்டது. சாப்பிடுவார், சட்டைப் பொத்தான் போட மட்டும் நேரமாகும். பேச்சு கொஞ்சம் நிதானம். நாங்கள் தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். மறுபடி காட்டப் போனபோது மருத்துவர் ஒரு சின்னச் சோதனை செய்தார்.

"பெரியவரே, ஒரு கும்பிடு போடுங்க பாப்போம்."

பாட்டா கையைத் தூக்கினார். ஒரு கை நெற்றிக்குப் போனது. இன்னொன்று நெஞ்சில் நின்றது. இரண்டையும் பார்த்தார். சேர்க்கத் தெரியவில்லை. 'கும்பிடு' என்றால் என்னவென்று கேட்டால் சொல்கிறார், கையில் பலமும் இருக்கிறது. அடுத்து, "ரப்பர் எப்படி வெட்டுவீங்க, சும்மா கையால காட்டுங்க" என்றார். நாற்பது வருஷக் கை அந்தரத்தில் எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அது வெட்டு இல்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

வெளியே வந்தால் வராந்தாவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். "என்ன பாட்டா, சுகமா இருக்கியளா?" என்று அவர் கும்பிட்டதும், பாட்டாவின் இரண்டு கைகளும் பளிச்சென்று சேர்ந்து நெஞ்சுக்கு வந்தன.

இதற்குப் பெயர் அப்ராக்சியா. பெர்லினில் ஹியூகோ லீப்மான் 1900இல் ஒரு நோயாளியை வைத்து இதை முதன்முதலாகத் தெளிவாக விவரித்தார். கை செயலிழக்கவில்லை, சொல்வது புரியாமலும் இல்லை, ஆனாலும் செயல் கட்டமைக்கப்பட்டு வெளியே வருவதில்லை. பெரும்பாலும் இடது மூளை அடிபடும்போது வருகிறது என்பதையும் அவர்தான் சொன்னார். பொருள் எதுவும் இல்லாமல் நடித்துக் காட்டச் சொன்னால்தான் மிகவும் கஷ்டம். பொருளைக் கையில் கொடுத்து, வழக்கமான இடத்தில், வழக்கமான தேவையோடு விட்டால் பலருக்குச் செயல் ஓரளவு வந்துவிடும். சூழ்நிலையே மேல்மட்டத்தின் வேலையில் பாதியைச் செய்துகொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் யாராவது சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தால் அதைப் பிடிவாதம், வயசுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு திட்ட வேண்டாம். மருத்துவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சி சிகிச்சை உண்டு.

இனி அந்தக் கண்ணாடி நியூரான் கதைக்கு வருவோம். நாம் செய்யப் பயன்படுத்துகிற அதே இடங்களைக் கொண்டுதான் பிறர் செய்வதையும் புரிந்துகொள்கிறோமா? இதற்கு ஆதரவாக நல்ல சான்றுகள் உண்டு. லண்டனில் 2005இல் பாலே ஆடுகிறவர்களுக்கும் பிரேசிலின் கப்போய்ரா ஆடுகிறவர்களுக்கும் இரண்டு ஆட்டங்களையும் படமாகக் காட்டினார்கள். தான் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கும்போதுதான் அவரவர் மூளையின் செயல் பகுதிகள் கூடுதலாக எழுந்தன. கண்ணுக்குப் பழகியதாலா, உடம்புக்குப் பழகியதாலா? பாலேயில் ஆண் அடவும் பெண் அடவும் வேறு, இருவரும் ஒன்றாகவே பயிற்சி செய்வதால் கண்ணுக்கு இரண்டும் பழக்கம். அடுத்த ஆண்டு அதை வைத்துப் பார்த்தபோது தன் உடம்பு ஆடுகிற அடவுக்குத்தான் கூடுதல் எழுச்சி. கிராஃப்டனின் குழுவும் 2006இல் நடனக்காரர்கள் ஐந்து வாரம் ஒரு புதிய ஆட்டத்தைப் பழகப் பழக, அதைப் பார்க்கும்போது மூளை மாறுவதைக் காட்டியது. 'இதை என்னால் ஆட முடியும்' என்று அவர்கள் நினைத்த அளவுக்கு ஏற்பத் துடிப்பும் இருந்தது.

இந்த உற்சாகத்தில்தான், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம்ம நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன், உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நியூரான் செய்யும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். மொழி, பரிவு, நாகரிகம் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று பிறகு பலரும் கிளம்பினார்கள். அவ்வளவு தூரம் அது தாங்கவில்லை. கிரெகரி ஹிக்கக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் வரிசையாக ஓட்டைகளைச் சுட்டினார். பிறவியிலேயே கைகள் இல்லாதவர்களை வைத்து 2016இல் வனுஸ்கோர்ப்ஸும் காரமாஸாவும் செய்த ஆய்வில், கைச்செயல்களைப் பார்த்து அடையாளம் காண்பதிலும் அடுத்து என்ன என்று ஊகிப்பதிலும் அவர்கள் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. செய்தே இராத செயலையும் புரிந்துகொள்ள முடிகிறது. பனையேறுகிறவர் மடலுக்குள் கை நீட்டும்போது பாளையைச் சீவப்போகிறார் என்று எனக்குத் தெரிகிறது. நான் இரண்டு முழம்கூட ஏறியதில்லை.

என் கணிப்பு இது. நோக்கத்தை மையமாக வைத்து மூளை செயல்களை அடுக்குகிறது என்பதற்கான ஆதாரம் பலமானது. கொறடுச் சோதனை, மணல் கையெழுத்து, பிஸ்கட் ஆய்வு, காந்தத் துடிப்பு என்று வேறு வேறு பக்கமிருந்து ஒரே இடத்துக்கு வருகிறது. பிறர் செயலைப் புரிந்துகொள்ள நம் உடம்பின் அனுபவம் துணைசெய்கிறது என்பதும் சரி, கூர்மை கூடும். ஆனால் அது இல்லாமல் புரியவே புரியாது என்று சொல்வது அதிகப்படி.

பாட்டா அதற்கப்புறம் தோட்டத்துக்கு வெட்டப் போகவில்லை. புதிதாக ஒரு பையனைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு நேர் எதிரே உள்ள வரிசையில் அவன் வெட்டுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் காலை நான் அவருக்குக் கட்டன்சாயா கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து மரத்துக்கு அப்பால் அந்தப் பையன் கத்தியை மேல்முனையில் வைத்தான். அவ்வளவுதான், இழுக்கவில்லை. மருத்துவர் முன்னால் அந்த வெட்டை ஒரு தரமும் கையால் காட்ட முடியாத பாட்டா சட்டென்று நிமிர்ந்தார்.

"எடே மக்கா," என்றார் நிதானமாக. "மணிக்கட்டத் தாழ்த்து. காயம் விழப்போவுது."